கமலவேணி டீச்சர் சொல்லாத பெயர்

"கொக்குன்னா கொக்குதானே டீச்சர், அதுல என்ன இவ்ளோ ஆராய்ச்சி?" என்று ஒருமுறை ஆசிரியர் அறையில் கமலவேணி டீச்சரிடம் கேட்டேன். சாப்பாட்டு டப்பாவை மூடியபடியே அவர் சொன்னார்: "உங்க கிளாஸ்ல வெள்ளைச் சட்டை போட்டவன் எல்லாம் ஒரே பையனா சார்? அப்படின்னா அட்டெண்டன்ஸ் எடுக்கவே வேணாமே." அறையே சிரித்தது. விருத்தாசலத்தில் எங்கள் பள்ளியில் கணக்கு நடத்தியவர் அவர். பறவை பார்ப்பதிலும் கணக்கு டீச்சராகவே இருந்தார். விடை வராத கணக்குக்கு அவர் ஒருநாளும் விடை எழுதியதில்லை.

அவர் காலமான செய்தி போன வாரம், நான் காய்கறிக் கடையில் நின்றபோது கைப்பேசியில் வந்தது. படமாக வந்தது. ஒரு பக்கம் டீச்சரின் முகம், மறுபக்கம் ஒரு வெள்ளைப் பறவை. கீழே, 'டீச்சர் கடைசியாக அடையாளம் கண்ட அரிய கரைக்கொக்கு' என்ற வரி. அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்கு அருவருப்புதான் வந்தது. அந்தப் பெயரை டீச்சர் சொல்லவே இல்லை. சொல்ல மறுத்ததால்தான் அதே படத்தை அனுப்பிய, எங்கள் ஊரில் பறவை பார்க்கும் குழுவினர் அவரைத் தங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சின்ன வெண்கொக்கு நம் வயல்களில் தினமும் நிற்பது, அலகு கறுப்பு. கரைக்கொக்கு கடலோரத்துப் பறவை. அதிலும் வெள்ளையாக இருப்பவை உண்டு. அலகு சற்றே தடித்து, மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். படத்தில் இரண்டும் அண்ணன் தம்பிபோலத் தெரியும். கரைக்கொக்கு நம் ஊர்ப்பக்கம் வந்தால் அது பெரிய செய்தி. படம் எடுத்தவரின் பெயரும் கூடவே பரவும்.

யார் படம் காட்டினாலும் டீச்சர் முதலில் கேட்பது, எங்கே நின்றது, வெயில் எந்தப் பக்கம், வேறு படம் இருக்கிறதா என்பதுதான். கருவேப்பிலங்குறிச்சி வயலில் நான் எடுத்த கொக்கை ஒருநாள் பெருமையாகக் காட்டி, "அலகு மஞ்சள், மாட்டுக்குப் பின்னாடியே மேயுற உண்ணிக்கொக்குதானே?" என்றேன். "இந்தச் சாயங்கால வெயில்ல கொக்கு முதுகே மஞ்சளா இருக்குது சார். அலகை மட்டும் எப்படி நம்புறீங்க?" என்றார். பிறகு, "தெரியலன்னு சொன்னா கொக்குக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிடாது" என்றும் சொன்னார்.

அந்தக் கரைக்கொக்குப் படத்தை எங்களுக்குக் காட்டியவர் குழுவின் தலைவர், போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். ஜங்ஷன் அருகே டீக்கடையில் நானும் டீச்சரும் நின்றிருந்தோம்.

"டீச்சர், கரைக்கொக்கு! நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

"எங்க எடுத்தீங்க தம்பி?"

"பீங்கான் கம்பெனிக்குப் பின்னாடி, மண்ணு கரைச்ச தண்ணி போற வாய்க்கால்ல."

டீச்சர் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். "அலகுல இருக்கிறது நிறமா, காய்ஞ்ச மண்ணான்னு இதுல தெரியல தம்பி. கால்லயும் அப்படியே அப்பியிருக்குது. மூஞ்சி கழுவிட்டு வரட்டும், அப்புறம் பேர் வைப்போம்."

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. "குரூப்புல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. உங்களுக்கு மட்டும் ஏன் டீச்சர் எரியுது?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். அன்று மாலையே டீச்சரின் பெயர் குழுவில் இல்லை. அதன்பின் மறுபடி போய் அந்தப் பறவையைப் பார்க்க ஒருவரும் மெனக்கெடவில்லை. பெயர் கிடைத்துவிட்டது, பறவை எதற்கு?

அஞ்சலிக் கூட்டத்தில் அந்தப் படம் சட்டம் போட்டு, மாலையோடு டீச்சரின் படத்துக்குப் பக்கத்தில் நின்றது. உயிரோடு இருந்தபோது அவரைத் துரத்தியவர்கள் வரிசையாக வந்து பூப்போட்டார்கள். அவருடைய நேர்மையைப் பற்றி மைக்கில் பேசினார்கள்.  தலைவரைத் தனியே அழைத்து, "இது அவங்க சொல்லாத பேருன்னு உங்களுக்கே தெரியும். எடுத்துடுங்க" என்றேன்.

"செத்தவங்களுக்கு மரியாதை பண்றோம் சார். இங்க வந்து ஏன் பிரச்சினை பண்றீங்க?"

டீச்சரின் கணவருக்கு இது காதில் விழுந்தது. எழுந்து வந்தார். "வுடுங்க சார், பெருமையாதானே போட்டிருக்காங்க" என்றவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "அவ நெஜமாவே சொல்லலியா?"

"சொல்லலிங்க. தெரியலன்னாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அவர் அந்தக் கொக்குப் படத்தின் அருகே போனார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். சட்டத்தை எடுத்துத் தலைவர் கையில் கொடுத்தார். "உங்க கொக்கை நீங்களே வச்சுக்கங்க" என்றார்.

சட்டம் போய்விட்டது. படம் போகவில்லை. இன்னும் கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிலர் எனக்கே அனுப்பி, கீழே கைகூப்பும் பொம்மையும் போடுகிறார்கள். அவரை அறிந்த உங்களிடம் இதை எழுத்தில் வைக்கிறேன்: கமலவேணி டீச்சர் அந்தப் பறவைக்குப் பெயர் சொல்லவில்லை. 'தெரியல' என்று கூச்சமில்லாமல் சொல்லும் அந்தக் குரலைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாளைக் காலை வாய்க்கால் ஓரம் நிற்கும் ஒரு வெள்ளைக் கொக்கைப் படம் எடுங்கள்; படத்தைப் பார்க்காமல், அது பறந்து போகும்வரை நின்று அந்தக் கொக்கையே பாருங்கள்.