சாயங்காலமும் விலை இறங்காத பழம்

போன வாரம் குற்றாலத்தில் ரம்புட்டான் வாங்க மாலையில்தான் போனேன். காரணம் இருக்கிறது. பகலில் கறாராகப் பேசும் கடைக்காரர்கள், விளக்கு போட்டதும் கொஞ்சம் இறங்கி வருவார்கள்.

பொருளாதாரப் பாடத்தில் படித்ததுதான். நுகர்பொருள் — பயன்படுத்தினால் தீர்ந்துவிடும். அழுகும் பொருள் — பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துவிடும். அதனால்தான் பொழுது சாயச் சாய விலையும் சாய்கிறது. பேப்பரில் வேலை பார்த்தவனுக்கு இது புதிதா என்ன? காலையில் செய்தி, மாலையில் வடை மடிக்கும் காகிதம்.

ஆனால் ஒரு பழம் மட்டும் இறங்கவே இல்லை... துரியன்.

அதைத் தின்றால் குழந்தை பிறக்கும் என்று இந்தப் பக்கம் ஒரு நம்பிக்கை. மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. விலை சொல்கிறது.

எனக்கு முன்னால் திருவேங்கடத்திலிருந்து வந்த ஒரு தம்பதி. கணவர் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"வெடிச்ச பழத்துக்கு இவ்வளவா? கொறைச்சுக்கிடுங்க."

"ரம்புட்டானுக்குக் கேளுங்க அண்ணாச்சி, கொறைக்குதேன். இத நீங்க விட்டா அடுத்த ஆள் எடுத்துருவாக" என்றார் கடைக்காரப் பெண்.

கணவர் பணத்தைக் கொடுத்தார். "பொதிஞ்சு குடுங்க. எங்கம்மா முன்னால வச்சுதான் இவ திங்கணும்."

"ஊர் போய்ச் சேரதுக்குள்ள புளிச்சிரும். இந்த வாடைக்கு பஸ்லயும் ஏத்த மாட்டாக. இங்கனயே தின்னுட்டுப் போங்க."

கடைக்காரப் பெண் பழத்தைப் பிளந்து இலையில் வைத்தார். மனைவி மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு சுளையை விழுங்கினார். கணவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்.

"இன்னொண்ணும் தின்னு. துட்டு குடுத்திருக்குல்லா."

மனைவி நிமிர்ந்தார். குரல் உயரவில்லை.

"டாக்டரம்மா கொறை யாருக்குன்னு சொன்னாக?"

"ஏட்டி, மெல்லப் பேசு..."

"போன சீசனுக்கும் நான்தான் தின்னேன். அதுக்கு முந்துன சீசனுக்கும் நான்தான். மாத்திரை எழுதுனது உங்களுக்கு. பழம் மட்டும் எனக்கா?"

அடுத்த பழத்தைப் பிளந்துகொண்டிருந்த கடைக்காரப் பெண்ணின் கத்தி பாதியில் நின்றுவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனையோ பேரைப் பேட்டி கண்டிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. வாங்குபவர் ஒருவர், நுகர்பவர் ஒருவர் — சரி, எல்லா வீட்டிலும் உள்ளதுதான். குறை ஒருவருக்கு, மருந்து இன்னொருவருக்கா? எந்தப் பாடத்தில் இருக்கிறது இது?

"அம்மாக்கு அது தெரியாதுலா" என்றார் கணவர், தரையைப் பார்த்து.

"அது எனக்கும் தெரியும். அவுகளுக்குத் தெரியாதுன்னுதான் இவ்வளவு நாளும் தின்னேன்."

இலையை அவர் பக்கம் தள்ளினார். கணவர் சுற்றிலும் பார்த்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். ஒரு சுளையை எடுத்தார். முகம் கோணியது, ஆனாலும் தின்றார்.

"அம்மா கேட்டா என்ன சொல்ல?"

"ரெண்டு பேரும் தின்னோம்னு சொல்லுங்க. நீ எதுக்குல தின்னன்னு கேப்பாக... அப்ப மிச்சத்தையும் சொல்லிருங்க."