கினுயே வீட்டுத் தொட்டியில் எதிரி மீன்

ஜப்பானின் பிவா ஏரிக்கரையில் தொகுஜியின் முன்னால் ‘ப்ளூகில்’ என்று சொன்னால் போதும், மனிதர் எரிந்து விழுவார். எங்கிருந்தோ கொண்டுவந்து விட்ட அந்த மீன், ஏரியின் ஃபூனா கெண்டை முட்டைகளைத் தின்று தீர்த்ததில் அவருடைய வலைத்தொழிலே படுத்துவிட்டது. நாற்பது வருஷம் ஏரியே கதியென்று கிடந்தவருக்குக் கோபம் வராதா? வலையில் விழும் ப்ளூகில்லை உரத்துக்குப் போகும் பெட்டியில் வீசுவார். அதைத் தின்பதென்பது அவரைப் பொறுத்தவரை மானங்கெட்ட பிழைப்பு.

அவர் மனைவி கினுயேவுக்கோ பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அதே மீனைத் தோலுரித்து, மாவில் புரட்டிப் பொரித்துப் பிள்ளைகளுக்குப் போடுகிறவளே அவள்தான். நாற்றமெல்லாம் தோலோடு போய்விடும். உள்ளே வெள்ளை வெளேரென்று சதை. கொழுப்பு குறைவு, புரதத்தில் கடல்மீனுக்குச் சளைத்ததில்லை. பிள்ளைகள் மறுபடி தட்டை நீட்டுவார்கள். இந்தச் சங்கதியை மட்டும் அவள் வீட்டில் மூச்சு விட்டதில்லை.

போன ஜூன் மழையின்போது தொகுஜிக்கு வயிற்றில் புற்றுக்கட்டி வந்து, பாதி இரைப்பையை எடுத்துவிட்டார்கள். அந்த ஊரில் ஜூலைக் கடைசியில், கோடை உச்சத்தில், வீட்டுக்கு வீடு உப்பிட்ட ஃபூனாவைச் சோற்றோடு மரத்தொட்டியில் அடுக்கிப் புளிக்கவிட்டுக் கல்லேற்றுவார்கள், புத்தாண்டுக்குத் திறப்பார்கள். தொட்டி காலியாகக் கிடந்தால் வீட்டுக்கு ஆகாது. அந்த வருஷம் ஃபூனா பிடிக்க ஆளில்லை, வாங்கவும் கிடைக்கவில்லை. மீனவர் சங்கத்தில் கிடைத்த ப்ளூகில்லை உப்பிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அடுக்கிவிட்டாள் கினுயே. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. எங்கே சொல்ல?

டிசம்பருக்குள் மனிதர் எலும்பும் தோலுமானார். எதை வைத்தாலும் வேண்டாம். “இன்னும் ரெண்டு கிலோ இறங்கினா உடம்பு தாங்காது, மருந்த நிறுத்த வேண்டியதுதாம்மா,” என்று டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டார். பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

புத்தாண்டுக் காலையில் தொகுஜியே வாய் திறந்தார். “தொட்டியத் திறந்தாச்சா? ரெண்டு துண்டு போட்டு வெந்நி ஊத்திக் குடு. இந்த வயித்துக்கு அதுதான் கேக்கும்.”

ஆறு மாதத்தில் அவராகக் கேட்ட முதல் சாப்பாடு! கினுயே போய்த் தொட்டியைத் திறந்தாள். பொய் சொல்லவும் வழியில்லை. ஃபூனாத் துண்டென்றால் நடுவில் ஆரஞ்சு நிறத்தில் சினை தெரியும். இதில் சினைக்கு எங்கே போவாள்? நடப்பது நடக்கட்டும் என்று கொண்டுபோய் வைத்தாள்.

“சினை எங்க?”

“இல்லீங்க. இது ப்ளூகில்.”

“அந்தச் சனியனையா என் தொட்டியில போட்ட? கொண்டுபோய் உரப்பெட்டியில கொட்டு!”

கிண்ணத்தைத் தள்ளினார். தள்ளக்கூடக் கையில் வலுவில்லை. அது ஒரு சாண்தான் நகர்ந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“கொட்டறேன், நல்லாக் கொட்டறேன்! ஸ்கூல்ல எண்பது பிள்ளைங்க இதைத் தின்னுட்டுத்தான் துள்ளிக் குதிக்குதுங்க. நானே பொரிச்சுப் போடறேன், போதுமா? இதுல முள்ளுகூட இளகிக் கெடக்கு, பாதி வயித்துக்கும் செரிக்கும். நம்ம ஃபூனாவத் தின்னு கொழுத்ததுதானே இது? உங்க மீனு உங்களுக்கே திரும்பி வருதுன்னு வச்சுக்கங்களேன். வீம்பு புடிச்சுக்கிட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டா, இந்த வீட்ல நான் ஒத்தையா என்னங்க பண்ணுவேன்?”

தொகுஜி அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கிண்ணத்தை இழுத்து ஒரு மடக்குக் குடித்தார். ஒரு துண்டைக் கடித்து வெகுநேரம் மென்றார்.

“திருட்டுப் பய,” என்றார். “நல்லாத்தான் இருக்கான்.”

அவள் அசையாமல் நின்றாள். கிண்ணம் மெல்ல மெல்லக் காலியாயிற்று.

“கினுயே, இன்னும் ரெண்டு துண்டு கொண்டா. பசிக்குது.”

அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. தொட்டியடியில் போய்க் குந்தி, இரண்டு கேட்டவருக்கு ஐந்து துண்டு எடுத்து வைத்தாள்.