மேல் வீட்டு மிலிட்டரிக்காரங்க

பாலக்காட்டுச் சித்தூருக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு மாடி வீட்டுக்கு நாங்கள் குடிபோனபோது, சாமான்களை இறக்க நான் மட்டும்தான் இருந்தேன். மனைவி ராஜஸ்தானில் இருந்தாள். ராணுவப் போலீஸ் பிரிவில் அவளுக்கு வேலை. இருவருக்கும் சொந்த ஊர் மூணாறு. அங்கே மழை பிடித்துக்கொண்டால் இன்டர்நெட் நாள்கணக்கில் இருக்காது. பாடப்புத்தகங்களுக்குப் பிழைதிருத்தி அனுப்பும் என் வேலை நின்றுபோகும். அவள் லீவில் வந்தால் ரயிலை விட்டு இறங்கி மலையேறவே ஒரு பகல் போய்விடும். அதனால்தான் பாலக்காட்டுப் பக்கம் வந்தோம்.

புரோக்கரிடம் போனில் பேசி வீட்டை முடித்தது அவள்தான். கீழ்வீட்டில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். நெல்லும் தென்னையுமாக நல்ல விவசாயம். கேட்டருகே நின்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏனுங்க, மிலிட்டரிக்காரங்கதானுங்களே?”

“ஆமாங்க” என்றேன். மிலிட்டரிக் குடும்பமா என்று கேட்பதாக நினைத்தேன். ‘காரங்க’ என்று சொல்லிவிட்டால் ஆணா பெண்ணா, ஒருவரா நாலு பேரா, எதுவும் தெரியாது. மரியாதை மட்டும்தான் தெரியும். அவர் என் ஒருவனைத்தான் கேட்டிருக்கிறார் என்பது அந்த வாரக் கடைசியில், எந்த பார்டரில் இருந்தேன் என்று விசாரித்தபோதுதான் விளங்கியது.

பட்டாளத்தில் இருப்பது நானில்லை, என் வீட்டம்மா என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். அவர் கணக்கில், வந்த அன்று மிலிட்டரி என்று ஒத்துக்கொண்டவன் இப்போது பேச்சை மாற்றுகிறான்.

அதன்பிறகு கீழே என் காலடிச் சத்தத்துக்கெல்லாம் கதவு திறந்தது. கூரியர்காரன் வந்தால் பார்சலை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மேலே அனுப்பினார்கள். போன லீவில் மூணாறில் அவள் விட்டுப்போன யூனிபார்மில் பூஞ்சை வாடை வர, துவைத்து மாடியில் காயப்போட்டேன். வீட்டுக்காரரின் மனைவி சட்டையையும் என் தோளையும் மாறி மாறிப் பார்த்தார். அது எனக்குப் பாதிகூடப் போதாது. பிறகு இறங்கிப்போனார். எனக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. ஜன்னலோரம் யாராவது போனில் பேசினால், என்னைப் பற்றித்தான் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

கடைசியில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் மஃப்டியில் வந்தார். நயமாகத்தான் பேசினார். பட்டாளக்காரர் வேஷம் போட்டு ஏமாற்றுகிறவர்கள் பெருகிவிட்டார்கள், அதனால் ஒரு விசாரணை என்றார். மனைவியின் படங்களைக் காட்டினேன். இந்தக் காலத்தில் படம் யாரும் உண்டாக்கலாமே என்றார். அவளை அழைத்தேன், டூட்டியில் இருந்திருப்பாள், எடுக்கவில்லை. என் ஆதாரைப் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கியவர், படியில் நின்று யாருக்கோ போனில் சொன்னார்: “பட்டாளக்காரன் அல்ல. பட்டாளக்காரியோட பர்த்தாவுன்னு பறையுந்நு.” பட்டாளக்காரியின் புருஷன் என்று சொல்லிக்கொள்கிறேனாம். கீழே வீட்டுக்காரரின் இருமல் கேட்டது.

அடுத்த மாதம் அவள் லீவில் வந்தாள். நான் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்ததால், பெட்டியை இறக்கியதும் நேராக வீட்டுக்காரரிடம் போய் அடையாள அட்டையை நீட்டினாள். கண்ணாடி போட்டு அதை வெகுநேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்தபோது அவர் முகத்தில் சங்கடம் இருந்தது.

“கேக்கறவங்களுக்கு உங்கள என்னன்னு சொல்றதுங்க அம்மிணி? பட்டாளக்காரின்னா நல்லாவா இருக்குது?”

“மிலிட்டரிக்காரங்கன்னே சொல்லுங்க. புரோக்கர்ட்டயும் நான் அப்படித்தான சொன்னேன்.”

எனக்குச் சுருக்கென்றது. மேலே போய்ச் சாப்பிடும்போது, தெரிந்தேதான் அப்படிச் சொன்னாயா என்று கேட்டேன். அவள் மறைக்கவில்லை. முன்பு பட்டாளத்தில் இருப்பது பொம்பளை என்று சொல்லிக் கேட்ட வீடுகள் எல்லாம் கைநழுவிப் போயிருக்கின்றன.

“நான் பொய் சொல்லல. அவுகளா ஆம்பளன்னு நெனச்சுக்கிட்டா நான் என்ன செய்ய?”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா மொத நாளே ஒளறியிருப்பீக.”

கோபம் வந்தது. அவள் விட்டுவைத்த சொல்லுக்குள் இத்தனை நாள் திருடனைப்போல நான் குடியிருந்திருக்கிறேன். ஆனால் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இதே பார்வைகளுக்கு நடுவில்தான் அவளும் இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்ததும், அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். அந்த லீவு முழுக்க, அவள் வேறு எதையெல்லாம் இப்படிப் பொதுவாகச் சொல்லி வைத்திருக்கிறாள் என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் திரும்பிப் போனபிறகு மேலே இளநீர் வரத் தொடங்கியது. ஒரு சாயங்காலம் அதைக் கொண்டுவந்த வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“துப்பாக்கி ஊட்டுலதான் வெச்சிருக்கறாங்களா?”

லீவுக்கு வருகிறவர்கள் அதையெல்லாம் கொண்டுவர மாட்டார்கள் என்றேன். சரிங்க சரிங்க என்று தலையாட்டினார். மறுநாள் கறிவேப்பிலை கொடுக்க வந்த அவர் மனைவி, என்னோடு பேசிக்கொண்டே மெல்லக் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.