மணலில் பிரித்த சோற்றுப் பொட்டலம்

கடைசியாக எப்போது வெட்டவெளியில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டீர்கள்? போன வாரமா? நேற்றா? கொடுத்துவைத்தவர் நீங்கள். எங்கள் அம்மா அப்படிச் சாப்பிட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

அம்மா பிரிஞ்சாங் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே என்னையும் பெற்றவள். வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டதும் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறுகூடப் போய்ச் சேரக் கூடாதாம். அதனால் தினமும் காலையில் பெண்களெல்லாம் வேலி வாசலில் வரிசையாக நின்று, கூடையைக் கவிழ்த்துக் காட்டி, இரண்டு கையையும் தூக்க வேண்டும். தடவிப் பார்ப்பதற்கென்றே ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். சோறு, ரொட்டி, கருவாடு எதுவும் வாசலைத் தாண்டாது. வேலை முடிந்து வேலிக்குள் திரும்பி வந்தால்தான் சாப்பாடு.

நான் சிங்கப்பூரில் காலேஜ் முடித்த கையோடு, பினாங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலையும் வாங்கிவிட்டேன். அப்பா உயிரோடு இல்லை. அம்மாவை மலையில் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? அவளோ இறங்கி வருவதாக இல்லை.

“அங்க எனக்கு என்னாடி வேல இருக்கு? நாள் முழுக்க ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒக்காரவா?”

“பாத்தா என்ன? லட்சணமாத்தானே இருக்கு.”

“அத நீயே சொல்லிக்கிட்டாத்தான் உண்டு.”

வாயால் சொல்லி இவளை மாற்ற முடியாது என்று தெரிந்துவிட்டது. லஞ்சம்தான் சரி என்று முடிவு செய்தேன். கடல், வெயில், கோயில், நல்ல சாப்பாடு எல்லாவற்றையும் காட்டி மயக்கிவிட்டால் வந்துவிடுவாள் என்று கணக்கு. அம்மாவுக்கு லீவு கேட்டுத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் போய் நின்றேன். “மூணு நாள்தான். நாலாவது நாள் சாயங்காலம் வாசல் மூடறதுக்குள்ள வந்துடணும்லா, இல்லன்னா எனக்குத் தலைவலி” என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

முன்னும் பின்னும் பட்டாளத்து லோரி காவலுக்கு வர, பஸ்ஸில் மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கினோம். அங்கிருந்து ரயில், பிறகு ஃபெரி. அம்மா சேலைக்கு மேலே போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றவே இல்லை. ஃபெரியில் அத்தனை பேரும் வியர்த்து வழிய, இவள் மட்டும் கடைசிப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு நின்றாள்.

கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் கடல். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இம்புட்டு எடத்தையும் சும்மா போட்டு வச்சிருக்கானுங்க. ஒரு செடி நடல” என்றாள்.

முதல் லஞ்சம் போச்சு.

மறுநாள் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கும்பிட்டாள். தெருவோரத்தில் சீனக் கூத்து நடந்தது. முகமெல்லாம் சாயம் பூசியவன் உச்சத்தில் பாடிக்கொண்டிருக்க, இவள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். லக்சா வாங்கிக் கொடுத்தேன். “மீன் கொழம்புல யாரோ தெரியாம சேமியாவக் கொட்டிப்புட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். ஐஸ் சீவிப் போட்ட செண்டோல் வந்ததும் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “மலையில சும்மா கெடைக்கிற குளிர இங்க கிண்ணத்துல போட்டு விக்கிறானுங்களா?”

சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் நான் ‘வீடு பாக்கலாமா’ என்று வாயெடுக்கும்போதெல்லாம், அவள் மலையில் விட்டுவந்த கோழிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

மூன்றாவது நாள் மத்தியானம். கடற்கரைச் சாலையில் ஒரு பாய், தோளில் தண்டு போட்டு, ஒரு பக்கம் சோற்றுப் பானையும் மறுபக்கம் குழம்புச் சட்டிகளுமாக வந்தார். எங்களைக் கண்டதும் இறக்கி வைத்தார்.

“என்னக்கா, காய்ச்சலா? கம்பளிச் சட்டையோட நிக்கிறீங்க?”

“மலைக்காரிங்க தம்பி நாங்க. இதக் கழட்டுனா எனக்கே என்னய அடையாளம் தெரியாது.”

“சரி, பொட்டலமாக் கட்டட்டா?”

அம்மா நாலு பக்கமும் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. “கட்டி வெளிய எடுத்துட்டுப் போனா புடிக்க மாட்டாங்களா?”

“யாருக்கா புடிக்கப் போறா? காக்கா வேணும்னா புடிக்கும்.”

சோறு, மீன் குழம்பு, வெண்டைக்காய். வாழை இலையில் கட்டி வாங்கினோம். அம்மா பொட்டலத்தைக் கம்பளிச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டாள். தங்கியிருந்த ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட வேண்டுமாம். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். நகர மாட்டேன் என்றேன். முனகிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தை வெளியே எடுத்தாள்.

அப்போது பார்த்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு மலாய்ப் போலீஸ்காரர் வந்தார்.

அம்மா சட்டென்று எழுந்தாள். பொட்டலத்தை அவர் முன்னால் மணலில் வைத்து, நூலைப் பிரித்து, இலையை அகல விரித்துக் காட்டினாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

 காலேஜில் மேடை ஏறிக் கத்திய நான் அவசரமாக எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

போலீஸ்காரர் இலையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்து லேசாகக் குனிந்தார். “தெரிமா காசே, மாச்சிக். சுடா மாக்கான்.” சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

“என்னடி சொல்றான்?”

“நன்றியாம். சாப்ட்டாராம். நீ அவரச் சாப்பிடக் கூப்பிட்டன்னு நெனச்சிட்டாரு.”

அம்மா கையை இறக்கினாள். அவர் போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்கியதும் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். காற்றில் மணல் பறந்து சோற்றில் விழுந்தது. அதையும் சேர்த்தே தின்றாள்.

“முன்னெல்லாம் செடிக்கு நடுவுல பத்துப் பொம்பளைங்க ஒண்ணா ஒக்காந்து திம்போம். ஒருத்தி கொழம்பு இன்னொருத்தி சோத்துல. மழ வந்தாக்கூட எந்திரிக்க மாட்டோம்.” இலையை வழித்தாள். “இங்க தெனமும் இப்பிடித் திங்கலாமா?”

“தெனமும்.”

“யாரும் பாக்க மாட்டாங்க?”

“காக்கா பாக்கும்.”

 ‘வீடு பாக்கலாமா’ என்று நான் கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

நாலாவது நாள், வாசல் மூட அரை மணி நேரம் இருக்கும்போது தோட்டம் வந்து சேர்ந்தோம். தடவிப் பார்க்கும் பெண் பையை வாங்கினாள். அம்மா வழக்கம்போலக் கையைத் தூக்கினாள். தூக்கியபடியே என் பக்கம் திரும்பி, “ஒங்க பள்ளிக்கூடம் எப்ப தொறக்குது?” என்றாள்.

“எப்பன்னா? காலையில சாவி போட்டதும்.”

“கொழுப்பெடுத்தவளே, என்னிக்கின்னு கேட்டேன். கோழிய விக்கணும்ல?”

இன்று ஞாயிற்றுக்கிழமை, மணி பன்னிரண்டரை. அம்மா பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, சோற்றைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போயிருக்கிறாள். பானையில் எனக்கு ஒரு பருக்கை சோறு இல்லை.