கிருமி அக்காவின் வில்லன்

பேருந்தில் யாராவது இருமினால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கிருமி அக்கா அந்தப் பக்கம் திரும்புவார். கண்ணை மூடி, பாட்டுக் கேட்கிறவரைப்போல அடுத்த இருமலுக்காகக் காத்திருப்பார். "இது வெறும் தொண்டை. தூசி பட்டிருக்கு," என்று பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குச் சேதி சொல்வார். சில நாள், "இது அடி நெஞ்சுலேருந்து வருது. பாவம், தூங்கியே ரொம்ப நாளாயிருக்கும்," என்பார். எதைச் சொன்னாலும் மூக்கைக் கைக்குட்டையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் சொல்வார். அடுத்த நிறுத்தத்தில் அந்தப் பெண் இடம் மாறி உட்கார்ந்துவிடுவாள், இருமியவருக்குப் பயந்தல்ல, அக்காவுக்குப் பயந்து.

பகல் முழுக்க அவருக்கு மருந்துக் கடையில் வேலை. கடை திறப்பதற்கு முன் சமையலறை மேசையில் வேறு வேலை. மாதம் ஒரு நாவல் எழுதுகிறார். ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து களவுபோகும் ஒரு குப்பி, காய்ச்சலில் சுருண்டு விழும் விமான நிலையம், நாட்டையே மிரட்டும் ஓர் ஆசாமி, கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் எப்படியோ கிடைத்துவிடும் மாற்று மருந்து. அட்டையில் எப்போதும் முகமூடி போட்ட ஒருவன் ஊசியை உயர்த்திப் பிடித்திருப்பான். இத்தனைக்கும் அக்காவின் கதைகளில் ஊசி போடுகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள். ஓவியர் கதையைப் படிப்பதே இல்லை என்பது அக்காவின் நெடுநாள் மனக்குறை.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பதறாத மனிதர், தொழில் அப்படி. காபிக் கோப்பையை வைத்துவிட்டு, "இந்த மாசம் எத்தனை பேரு?" என்று கேட்பார்.

"நாப்பதாயிரம்."

"போன மாசத்துக்கு இது பரவாயில்ல."

"குழந்தைங்க யாரும் இல்ல," என்பார் அக்கா, தலையைத் தூக்காமல். அது அவர் வைத்திருக்கும் விதி. எப்பேர்ப்பட்ட கொள்ளைநோயானாலும் அவருடைய கதையில் குழந்தைகளைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்விட வேண்டும். அறிவியல் இதற்கு ஒப்பாது என்று பதிப்பாசிரியர் சொல்லிப் பார்த்தார். "அப்ப அறிவியலையே எழுதச் சொல்லுங்க," என்று பதில் போயிற்று.

நாவலில் நகரங்களைக் காலி செய்கிறவர் நிஜத்தில் லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அழுத்துகிறவர். கடைக்கு வருகிறவர்களிடம் மருந்தை நீட்ட மாட்டார். மேசையில் வைத்து விரலால் தள்ளுவார். ஏன் இப்படிப்பட்ட கதைகளாகவே எழுதுகிறீர்கள் என்று கேட்டால், "பயத்தை மனசுல வச்சிருந்தா ராத்திரி பகல் பாக்காது. எழுதிட்டா அது பாட்டுக்கு அத்தியாயத்துக்குள்ள கெடக்கும்," என்பார்.

அவர் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி. அதை ஒட்டி ஓர் அறை. அதில் ஓர் இளைஞர் தனியாகக் குடியிருந்தார். போன் வரும் நேரமெல்லாம் நீலநிற ஐஸ்பெட்டி ஒன்றை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்புவார். எங்கே வேலை என்று கேட்டால், "ஆஸ்பத்திரி பக்கம்," என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். எல்லாரும் அவரை ஐஸ்பெட்டிக்காரர் என்றார்கள். மற்றவர்களுக்கு அது ஒரு பெட்டி. அக்காவுக்கு அது ஒரு நாவல். மூன்றே வாரத்தில், 'மேல்தொட்டியில் ஒருவன்' வந்துவிட்டது: மாடி அறை, நீலப்பெட்டி, யாரோடும் பேசாத வாடகைக்காரன், குடிதண்ணீரில் கலக்கும் ஒரு துளி. கட்டடத்தில் கைமாறிக் கைமாறிப் படித்தார்கள். ஐஸ்பெட்டிக்காரர் படிக்கவில்லை. அவருக்கு ஓய்வு கிடைத்தால் தூங்குவார்.

அப்புறம்தான் கட்டடத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. முதலில் தரைத்தளத்துத் தையல்காரர் படுத்தார். பிறகு அவருக்கு எதிர்வீட்டுச் சகோதரிகள் இருவரும். அடுத்து குடியிருப்புச் செயலாளரின் பேத்தி. நடக்கப் பழகிக்கொண்டிருந்த குழந்தை. அதை ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிஞ்சுக் கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அன்று விடுமுறை. அக்கா பேனாவும் கையுமாக இருந்தபோது கணவர் வெளியிலிருந்து வந்தார். "கீழ உன் வாசகருங்க எல்லாம் கூடியிருக்காங்க. கையெழுத்து வாங்குறதுக்கு இல்லைன்னு நினைக்கிறேன்," என்றார். சிரிக்கவில்லை.

வெளிவாசலில் ஐஸ்பெட்டிக்காரரின் ஸ்கூட்டரை மறித்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். முன்னால் செயலாளர். தூக்கமில்லாமல் கண்கள் சிவந்து கிடந்தன. ஒரு கை ஸ்கூட்டரின் பிடியில்; இன்னொரு கையில், பக்கம் மடித்து வைத்த அந்த நாவல்.

"பெட்டியத் திறங்கன்னு சொல்றேன்ல."

"கிருமி படாம கட்டி வச்ச சாமான் சார். இங்க திறந்தா கெட்டுப்போயிடும். வழி விடுங்க, அவசரம்." சட்டைப் பையில் போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது.

செயலாளர் அக்காவைப் பார்த்துவிட்டார். "மேடம், நீங்களே வந்துட்டீங்க. நல்லதாப் போச்சு. நீங்கதானே எழுதினீங்க, இதே ரூமு, இதே பெட்டி. ஏதோ தெரிஞ்சுதானே எழுதியிருப்பீங்க?"

தன் கதையை ஒருவர் வரிக்கு வரி நம்ப வேண்டும் என்பது அக்காவின் வெகுநாள் ஆசை. அது பலித்த அந்த நிமிடத்தில் அவர் அவசரமாகக் கையை ஆட்டி மறுத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். துணி காயப்போட மாடிக்குப் போனேன், இவரைப் பார்த்தேன், மீதியெல்லாம் நானே இட்டுக்கட்டினது. அந்தக் கிருமிக்குப் பேரு வச்சதுகூட நான்தான். அப்படி ஒண்ணு உலகத்துலயே கிடையாது."

"அப்ப பெட்டியில என்ன இருக்கு? அதைச் சொல்லுங்க."

அதுதான் அவருக்கும் தெரியாது. இளைஞரின் பக்கத்தில் போய், "என்ன தம்பி இருக்கு?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"சொன்னா ரூமைக் காலி பண்ணச் சொல்லுவாங்கக்கா. முன்னாடி இருந்த எடத்துல அப்படித்தான் ஆச்சு." மறுபடி போன் அடித்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். "ஒரு வீட்ல எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. இன்னும் தாமதமானா அவங்க குடுக்க நினைச்சது வீணாப் போயிடும்."

அக்கா எழுதும் கதைகளில் இந்த இடத்தில் கதாநாயகன் ஏதாவது செய்வான். இங்கே கதாநாயகன் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அவர் செயலாளரிடம் திரும்பினார். "நான் இவர்கூடப் போறேன். பெட்டி என் மடியிலதான் இருக்கும். திரும்பி வந்து, கண்ணால பார்த்ததைச் சொல்றேன். அதுவரைக்கும் எங்க வீட்டுக்காரரைப் பிடிச்சு வச்சுக்குங்க." பிறகு கணவரிடம், "நீங்க சுகாதார அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்க. யாராவது போட்டீங்களா?"

யாரும் போட்டிருக்கவில்லை. செயலாளரின் கை ஸ்கூட்டரிலிருந்து மெல்ல விலகியது.

பெட்டியைப் பாம்புக்கூடைபோல விரல் நுனிகளால் பிடித்துக்கொண்டு அக்கா பின்னால் உட்கார்ந்தார். அதன் குளிர் முழங்காலில் இறங்கியது. தான் எழுதிய அத்தனை குப்பிகளும் அதற்குள் உருண்டு மோதுவதுபோல் இருந்தது. சிக்னலில் வண்டி நின்றபோது இளைஞர் தலையைத் திருப்பாமல், "கண்ணுக்கா," என்றார்.

பயத்தில் பையன் கொஞ்ச ஆரம்பித்துவிட்டான் என்று அக்கா நினைத்தார். "சொல்லுப்பா."

"இல்லக்கா, கண்ணு. பெட்டியில கொண்டு வர்றது கண்ணு. இறந்தவங்க தானமாக் குடுக்குறத எடுத்துட்டுப் போய் கண் ஆஸ்பத்திரியில சேக்குறேன். இப்ப பெட்டி காலி. ஐஸும் கத்திரியும்தான் இருக்கு." பிறகு, "உங்களுக்குப் பயமா இருந்தா இறங்கிக்கங்க," என்றார்.

"பச்சை விழுந்திடுச்சு. ஓட்டு," என்றார் அக்கா.

அது ஒரு சின்ன வீடு. காலையில் காலமாகியிருந்தவர் கணக்கு வாத்தியார். அவருடைய மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். இளைஞர் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். காரணம் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி, முழங்கை வரை கையைக் கழுவி, கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். போவதற்கு முன் மகளிடம், "முகத்துல எந்த வித்தியாசமும் தெரியாதும்மா. நீங்க வந்து பாக்கலாம்," என்றார். கட்டடத்தில் அவர் பேசி யாரும் கேட்டிராத குரல் அது.

வெளியில் மகளும் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். "நீங்களும் டாக்டரா?"

"இல்லம்மா. நான் கதை எழுதுறவ."

"அப்பா நிறையப் படிப்பாரு," என்றாள் மகள். பிறகு தரையைப் பார்த்தபடி, "அவருக்கு வலிக்காதில்ல?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, தான் கேட்டது என்னவென்று தெரிந்து வெட்கப்பட்டாள்.

"வலிக்காதும்மா," என்றார் அக்கா. "கொஞ்சமும் வலிக்காது."

திரும்புகையில் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம், "பார்த்துப்பா, பார்த்து," என்று முதுகில் குரல் கொடுத்தார். கண் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பெட்டியை வாங்கிக்கொண்டு, "உள்ள ரெண்டு பேர் காத்திருக்காங்க," என்றாள், பேருந்துக்குக் காத்திருப்பவர்களைச் சொல்வதுபோல.

கட்டடத்துக்கு வந்து சேர்ந்தபோது சுகாதார அலுவலக ஆட்கள், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். கேபிள் புதைக்கத் தோண்டியவர்கள் கழிவுநீர்க் குழாயை உடைத்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடிப் போயிருந்தார்கள். அந்த நீர் கசிந்து தொட்டிக்கு வந்திருந்தது. எந்த வில்லனும் இல்லை. ஒரு கடப்பாரைக் குத்து, கொஞ்சம் அலட்சியம், அவ்வளவுதான். இப்படி முடித்திருந்தால் பதிப்பாசிரியர் நாவலைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

அக்கா எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்ததைச் சொன்னார். கை கழுவியதையும், மகள் கேட்டதையும், நர்ஸ் சொன்னதையும் சொன்னார்.

கேட்டு முடித்ததும் செயலாளர், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி," என்றார்.

"சொல்லியிருந்தா இருக்க விட்டிருப்பீங்களா சார்?"

செயலாளர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "விட்டிருக்க மாட்டேன்," என்றார். பிறகு, "இப்ப இருங்க. எத்தனை வருஷம் வேணா இருங்க," என்றார்.

பேத்தி வீடு திரும்பிவிட்டாள். ஆஸ்பத்திரியில் இழந்த எடையையெல்லாம் பிஸ்கட்டாகவே வசூல் செய்துகொண்டிருப்பதாகக் கேள்வி. தையல்காரர் மறுபடியும் சொன்ன நாளில் துணி தருவதில்லை. அதனால் பூரண குணம் என்று கொள்ளலாம். ஐஸ்பெட்டிக்காரர் கடைசியில் அந்த நாவலைப் படித்தார். தன்னை வில்லனாக்கியது பற்றி அவருக்கு வருத்தமில்லை. "ஆனா கதையில வர்ற அந்த வெயில்ல அவ்வளவு நேரம் ஐஸ் தாங்காதுக்கா. அதை மட்டும் அடுத்த பதிப்புல மாத்திடுங்க," என்றார்.

அக்கா இப்போதும் மாதம் ஒரு நாவல் எழுதுகிறார். இப்போதும் நகரங்கள் காய்ச்சலில் விழுகின்றன. ஆனால் வில்லனுக்கு முகம் கொடுக்கும் இடத்தில் பேனா நின்றுவிடுகிறதாம். "எந்த முகத்தை எடுத்தாலும் அதுக்கு ஒரு வீடு, வேலை, அலுப்புன்னு ஏதாவது இருக்கும்போல இருக்கு. முன்னெல்லாம் இவ்வளவு கஷ்டமில்ல," என்று கணவரிடம் அலுத்துக்கொள்கிறார். கடைக்குத் தாமதமாகிறது என்று கணவர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

போன வாரம் ஒருவர் கடைக்கு வந்தார். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி. ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்து வாங்க வந்தவர். மேசையில் தள்ளிய மருந்தை எடுத்துக்கொண்டவர் போகாமல் நின்றார். வீட்டில் வேறு யாருமில்லை. தனக்குத்தானே விட்டுக்கொண்டால் சொட்டு கன்னத்தில்தான் விழுகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கிருமி அக்கா உள்ளே போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மேசையின் பலகையைத் தூக்கி வெளியே வந்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூடியை எடுத்து, தலையை மெல்லப் பின்னால் சாய்த்தார். "மேல பாருங்க," என்று சொல்லி, அவருடைய கீழ் இமையை விரலால் இறக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு விட்டார். அவர் கண்ணை மூடித் திறக்கும் வரை, மறு கை அவர் நெற்றியிலேயே இருந்தது.