வெளுத்துப்போன ஜெல்

ஆய்வுக்கூடத்தில் காலம் தள்ளியவர்களுக்குத் தெரியும்: அங்கே முதலில் கழுவக் கற்கிறோம், பிறகு எழுதக் கற்கிறோம், பார்ப்பதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் விரிவுரையாளர். சூட்டில் சுருங்கும் ஜெல்லுக்குள் சின்ன மூலக்கூறுகள் எப்படி நகர்கின்றன என்பது என் ஆராய்ச்சி. முப்பத்திரண்டு டிகிரிக்குக் கீழே அந்த ஜெல் தண்ணீர் குடித்து உப்பி, கண்ணாடிபோல் இருக்கும். உள்ளே ஊறிய சாயம் தாராளமாக வெளியே வரும். அதற்கு மேலே போனால் தண்ணீரைக் கக்கிச் சுருங்கி வெளுக்கும். சாயத்தை எளிதில் விடாது.

அறை வெப்பநிலை

புத்தகங்களில் அறை வெப்பநிலை என்றால் இருபத்தைந்து டிகிரி. ஆகவே குறிப்பேட்டில் '25' என்று எழுதிவிட்டுத்தான் சோதனையைத் தொடங்குவேன். வெப்பமானியைப் பார்ப்பது சந்தேகப் பேர்வழிகளின் வேலை என்பது என் எண்ணம். அது சித்திரை மாதம். மலை வாங்கிய வெயிலையெல்லாம் ஊர்மேல் திருப்பி அடிக்கும். ஜெல் பால்போல் வெளுத்திருந்தது. சுருங்கினால் வெளுக்கும் என்று ஐந்து கட்டுரைகளில் அடிக்கோடிட்டு வைத்திருந்த நான், 'நிறம்: இயல்பாகவே வெண்மை' என்று அழகாகக் குறித்துக்கொண்டேன்.

பீக்கர் கழுவ வந்த உதவியாளர் ஏகாம்பரம் குறிப்பேட்டை எட்டிப் பார்த்துச் சொன்னதை, விஞ்ஞானம் தெரியாதவர் பேச்சு என்று ஒதுக்கினேன்.

"இன்னா சார், நாமளே இங்க வெந்துக்கினு இருக்கோம், இதுக்கு மட்டும் இருபத்தஞ்சா?"

ஐஸ் வாளி

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் செல்வி, என் எண்களை அடிப்படையாக வைத்து அதே ஜெல்லில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். குறித்த தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால்தான் அவர் விண்ணப்பித்திருந்த விரிவுரையாளர் வேலை கிடைக்கும். அவர் ஐஸ் வாங்கி வந்து, வாளித் தண்ணீரை உண்மையாகவே இருபத்தைந்தில் நிறுத்தி அளந்தார். அவருடைய சாயம் என்னுடையதைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறியது.

"பாத்திரம் கழுவத் தெரியாதவங்களுக்கு ஆராய்ச்சி எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். திரும்பச் செய்யச் சொன்னேன். மூன்று மாதத்தில் பதினோரு தடவை செய்தார். பதினோரு தடவையும் அதே எண். பன்னிரண்டாவது தடவைக்கு வாளியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"உங்க ஜெல்லை ஒரு வாட்டி இதுல வெச்சிப் பாருங்க சார். நான் பாத்திரம் கழுவிட்டு வர்றேன்."

கதவு

வைத்தேன். மதியத்துக்குள் ஜெல் தெளிந்து, சீசாவின் பின்புறம் ஒட்டிய சீட்டில் என் கையெழுத்து அதன் வழியே தெரிந்தது. முதல்முறையாகச் சுவர் வெப்பமானியைப் பார்த்தேன்: முப்பத்தாறு. பழியை ஜெல்மேல் போடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்று செல்வியின் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார் அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர். மூன்றாம் நாள் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் உடனே கையெழுத்துப் போட்டு ஆய்வேட்டை அனுப்பினார். ஆனால் வேலைக்கான தேதி அதற்கு முந்தின நாளே முடிந்திருந்தது.

செல்வியை என் அறைக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் எனக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தார்.

"திட்டும்போது எல்லார் முன்னாடியும் திட்டினீங்க, மன்னிப்பை மட்டும் கதவைச் சாத்திக்கினு கேக்கறீங்களே சார்."

ஜெல்லிலிருந்து சாயம் வெளியேற ஆகும் நேரத்தை நொடிக் கணக்கில் எழுதிப் பெயர் வாங்கிய எனக்கு, 'என் தப்பு' என்ற இரண்டு சொல் நாலு பேர் முன்னால் வெளியே வர இன்னும் ஒரு வாரம் பிடித்தது.