தொண்ணூறுக்குள் ஒரு நூறு

நான் கள்ளம் பண்ணவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் குடும்பத்தில் யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுத்துவிடுகிறார், எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. எண்ணத் தெரியாத பிள்ளை என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கள்ளி என்றார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு. பெருநாளுக்கு மறுநாள் பள்ளிவாசல்துறையில் மாமா வீட்டில் கூடியிருந்தோம். உம்மாவின் நானாதான் மாமா. படகுக்குப் புது எஞ்சின் பூட்டியிருந்தார். அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் எல்லாரையும் கடலில் ஒரு சுற்றுக் கொண்டுபோவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கூடவே ஒரு சட்டமும் போட்டார்: சண்டை பிடிக்கிற, கள்ளம் பண்ணுகிற பிள்ளைக்குப் படகில் இடமில்லை. எனக்கு அதுதான் முதல் கடற்பயணம். அதற்காகவே பெருநாள் சட்டையை உம்மா எவ்வளவு சொல்லியும் கழற்றாமல் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

பொழுது போவதற்கு ஒளித்துப் பிடித்து விளையாடினோம். பிடிக்கிறவர் தென்னையில் முகத்தைப் பொத்திக்கொண்டு நூறு வரும்வரை சத்தமாக எண்ண வேண்டும். முதல் ஆள் உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சியின் மகன். சிலாபத்தில் இருந்து வந்தவன், சிங்களப் பள்ளிக்கூடம். எக, தெக, துன என்று தொடங்கி, மூச்சுவிடாமல் ஓடி, 'அனூவ'வைத் தாண்டி, 'சீய' என்றதும் திரும்பினான். பிழை பிடிக்க ஒன்றுமில்லை. அவனுடைய தொண்ணூறு அனூவ, நூறு சீய. ஒன்றுக்குள் மற்றது ஒளிந்திருக்கவில்லை.

அடுத்தது நான். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஐம்பது வரைதான் வந்திருந்தது. மிச்சமெல்லாம் ராத்தா வீட்டில் உரத்துப் பாடமாக்கும்போது என் காதில் விழுந்தவை. என் அக்காவான அவளைக் கேட்டுக் கேட்டே அறுபது, எழுபது, எண்பது என்று ஏறினேன். எண்பத்தொன்பதும் வந்தது. அடுத்து வாய் தானாகத் "தொண்ணூறு" என்றது. நூறு வந்துவிட்டது! திரும்பினேன். சாச்சியின் மகன் இன்னும் ஒளிய இடம் தேடிக்கொண்டு கரையில் ஏற்றியிருந்த படகுகளுக்கு நடுவே நின்றான். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"கள்ளம்! கள்ளம்! நூறு வர முந்தித் திரும்பிட்டா!"

"வந்திட்டு! நான் சொன்னது உனக்குக் கேக்கல்லையா?"

"தொண்ணூறு எண்டுதான் சொன்ன. அது அனூவ. சீய இல்ல."

அவன் அனூவவைக் கொண்டுபோய்க் கடலில் போடட்டும். நான் தமிழில் எண்ணினேன். இருநூறில் நூறு இருக்கிறது, முந்நூறில் இருக்கிறது, எண்ணூறில் இருக்கிறது. அங்கெல்லாம் அது நூறாம். தொண்ணூறில் மட்டும் இல்லையாம். எழுபது, எண்பது போலப் 'பது' என்று முடிகிற, எண்பதுக்கு மேலே வந்திருக்க வேண்டிய ஒன்பதை எட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தவர்கள் யார்? அது காலியாக விட்ட இடத்தில் நூறைக் கொண்டுவந்து குந்தவைத்தவர்கள் யார்? பெரியவர்கள் செய்துவைத்த குளறுபடிக்கு ஆறு வயதுப் பிள்ளை தண்டனை அனுபவிக்க வேண்டுமாம். நல்ல நியாயம்.

சத்தம் கேட்டு மாமா வந்தார். பெரியவர்கள் எல்லாரும் கோப்பையும் பலகாரமுமாகச் சுற்றி நின்றார்கள்.

"வல்லாஹி, நான் கள்ளம் பண்ணல்ல மாமா" என்றேன்.

"தொண்ணூறு எப்பிடிப் புள்ள நூறாகும்?"

"அப்ப என்னத்துக்கு மாமா அதுக்குள்ள நூறு இருக்கு?"

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். "வாயப் பாருங்க இவட" என்றாள் சாச்சி. சத்தியம் வேறு பண்ணுகிறாளே என்று உம்மா தலையில் குட்டினார். சட்டம் சட்டம்தான் என்று மாமா சொல்லிவிட்டார். சாச்சியின் மகன் படகின் முன்பக்கத்தில், எனக்கென்று நான் பார்த்து வைத்திருந்த இடத்தில் ஏறிக் குந்தினான்.

படகு போன பிறகு மணலில் இருந்து அழுதேன். படகு போனதற்காக மட்டும் அழவில்லை. அங்கே நின்ற அத்தனை பெரியவர்களுக்கும் விடை தெரிந்திருந்தது, கள்ளி என்பதால்தான் எனக்கு மட்டும் சொல்லாமல் விட்டார்கள் என்று நினைத்து அழுதேன். அவர்களில் ஒருவருக்கும் தெரியாது, தெரியாததால்தான் அவ்வளவு சத்தமாகச் சிரித்தார்கள் என்பது அந்த வயதில் எனக்கு எப்படிப் புரியும்?